ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பரவலாக ஜி. டி. நாயுடு என்றே அறியப்படுகிறார். தொடக்கக் கல்வியைத் தாண்டாத இவர், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதில் தொடங்கித் தாமாகவே எந்திரவியலைக் கற்றுக்கொண்டார். பேருந்துப் போக்குவரத்து, மின்னோடி உற்பத்தி, வானொலி, மின் சவரக் கருவி, வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் இவர் பணியாற்றினார். இந்தியாவின் எடிசன் என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம். கோயம்புத்தூர் பருத்தி நகரமாக மட்டும் நின்றுவிடாமல் பொறியியல் நகரமாகவும் வளர்ந்ததில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

பிறப்பும் இளமையும்

நாயுடு, கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர்களுடன் இணங்கிப் போகாத மாணவராக இருந்த இவருடைய படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. பிற்காலத்தில் நூல்களைத் தாமே தேடிப் படித்து இக்குறையை ஈடு செய்துகொண்டார்.

அக்காலத்தில் கொங்கு நாட்டின் இப்பகுதி பெரும்பாலும் கிணற்றுப் பாசனத்தை நம்பியிருந்தது. ஆழமான கிணறுகளிலிருந்து மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்தே தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சினர். கரிசல் நிலங்களில் பருத்தியும் சோளமும் விளைந்தன. எந்திரம் என்று சொல்லத்தக்க எதுவும் சிற்றூர்களில் அரிதாகவே காணப்பட்டது. நாயுடுவின் பிற்கால முயற்சிகளில் பல, இந்தச் சூழலில் இருந்த தேவைகளோடு தொடர்புடையவை.

மோட்டார் சைக்கிளும் முதற்கல்வியும்

ஏறத்தாழ இருபது வயதில், தம் ஊர்ப்பக்கம் வந்த ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை நாயுடு கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானாக ஓடிய அவ்வண்டி அவரை மிகவும் கவர்ந்தது. அது இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இயங்கிய ரட்ஜ் நிறுவனத்தின் 1912ஆம் ஆண்டுத் தயாரிப்பு.

அதுபோன்ற ஒரு வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் கோயம்புத்தூருக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை அவர் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. அதை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். கற்பிக்க ஆசிரியரோ, தமிழில் எந்திரவியல் கையேடோ இல்லாத நிலையில், எந்திரத்தையே பாடநூலாகக் கொண்ட முறை இது. இதன் பயனாக விரைவிலேயே தேர்ந்த மெக்கானிக் ஆனார். இந்த வண்டி கோயம்புத்தூரில் உள்ள ஜி. டி. நாயுடு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பருத்தி வணிகம்

முதலாம் உலகப் போரின் காலத்தில் பருத்திக்கு நல்ல தேவை இருந்தது. நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பின்னர் வணிகத்தைப் பெரிதாக்க எண்ணிப் பம்பாய் சென்றார். அங்கிருந்த பெருவணிகர்களின் போட்டியைத் தாங்க முடியாமல், ஈட்டிய பொருளில் பெரும் பகுதியை இழந்து கோயம்புத்தூர் திரும்பினார். இதற்குப் பிறகு அவர் தமக்கு நன்கு தெரிந்த மோட்டார் வண்டித் துறையையே தொழிலாகத் தேர்ந்துகொண்டார்.

பேருந்துப் போக்குவரத்து

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் இராபர்ட் ஸ்டேன்ஸ் (1841 - 1936). நகரின் முதல் பஞ்சாலை 1888இல் உருவாகக் காரணமாக இருந்தவர் இவர். நாயுடுவின் திறமையை அறிந்திருந்த ஸ்டேன்ஸ், பேருந்து ஒன்றை வாங்குவதற்கு அவருக்கு உதவினார். 1920ஆம் ஆண்டு நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார்.

இந்த வழித்தடம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. உடுமலைப்பேட்டை வழியாகச் செல்வது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை இரயில் பாதை 1915இலேயே வந்துவிட்டது. பழனிக்கு இரயில் வந்தது 1920களின் பிற்பகுதியில்தான். எனவே, முருகனை வழிபடச் செல்லும் அடியார்களும், சந்தைக்குச் செல்லும் வணிகரும் உழவரும் இடைப்பட்ட தொலைவை மாட்டு வண்டியிலோ நடந்தோ கடக்க வேண்டியிருந்தது. பேருந்துக்கான தேவை இருந்த இடத்தில் நாயுடுவின் பேருந்து ஓடியது என்று சொல்லலாம்.

ஒரு பேருந்துடன் தொடங்கிய தொழில், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனமாக விரைந்து வளர்ந்தது. யு. எம். எஸ். என்ற மூன்றெழுத்தில் மக்கள் இதை அறிந்திருந்தனர். 1930களின் தொடக்கத்தில் இந்நிறுவனத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகள் ஓடின. இந்தியாவில் சிறப்பாக நடத்தப்பட்ட பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக இது கருதப்பட்டது. பயணச்சீட்டு வழங்கும் கருவி, எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, தேய்ந்த டயர்களைச் சீர்செய்யும் எந்திரம் முதலியவற்றை நாயுடு தம் பணிமனையிலேயே உருவாக்கினார் என்று குறிப்பிடப்படுகிறது. உதிரிப் பாகங்கள் கடல் கடந்து வரவேண்டியிருந்த காலத்தில், பழுதைத் தாமே கண்டறிந்து தாமே நீக்கும் பணிமனை இல்லாமல் இத்தனை வண்டிகளை நாள்தோறும் ஓட்டுவது இயலாத செயல்.

அக்கால மோட்டார் வண்டிகளும் பழுதறிதலும்

நாயுடு தொழில் தொடங்கிய காலத்தின் மோட்டார் வண்டிகள் இன்றைய வண்டிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். சரளைச் சாலைகளில் டயர்கள் அடிக்கடி கிழியும். கோடையில் ரேடியேட்டர் நீர் கொதித்துப் போகும். மின்கலத்தின் ஆற்றலும் குறைவு. ஆதலால் சில துணை வேலைகளுக்கு எஞ்சினின் உறிஞ்சுவிசையையே வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தினர்.

எஞ்சினின் உருளையில் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அது உள்ளே இழுக்கிறது. இதனால் கார்புரேட்டருக்கும் உருளைக்கும் இடைப்பட்ட குழலில் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகிறது. இதையே மெக்கானிக்குகள் வாக்குவம் என்கின்றனர். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது இது பொதுவாக 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

அந்நாளைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி பின்புறம் தாழ்வாக இருந்தது. அங்கிருந்து எரிபொருளை மேலே இழுத்து, கார்புரேட்டருக்கு மேலுள்ள சிறு தொட்டி ஒன்றில் சேர்க்க இந்த உறிஞ்சுவிசை பயன்பட்டது. மழைத் துடைப்பானை இயக்கவும் இதுவே உதவியது. சமவெளிச் சாலையில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கோ, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கோ ஏறுவது போன்ற நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே செல்லும்போது உறிஞ்சுவிசை குறையும். துடைப்பான் மெல்ல நகர்ந்து நின்றுவிடும். சிறு தொட்டியில் பெட்ரோல் தீர்ந்து எஞ்சினும் நிற்கக்கூடும். ஓட்டுநர் காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் உறிஞ்சுவிசை மீண்டு, தொட்டி நிறையும்.

இத்தகைய பழுதில் எஞ்சினைக் குறை கூறி அதைப் பிரிப்பதால் பயனில்லை. குழாயின் இணைப்பில் காற்றுக் கசிகிறதா, தொட்டியின் மிதவை சிக்கியுள்ளதா, அல்லது எதுவுமே பழுதில்லாமல் ஏற்றத்தின் இயல்பான விளைவுதானா என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். எந்த உறுப்பு எந்த விசையால் இயங்குகிறது என்பதை அறிந்தவருக்கே இது எளிது. ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் பூட்டியபோது நாயுடு பெற்ற கல்வி இவ்வகையானது.

மின்னோடி உற்பத்தி

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் பகுதிக்கு மலிவான மின்சாரம் கிடைத்தது. பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. மாடு பூட்டி இறைத்த கிணறுகளில் மின் இறைப்பி பொருத்தவும் வழி பிறந்தது. ஆனால் இதற்குத் தேவைப்பட்ட மின்னோடிகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன.

1937ஆம் ஆண்டு நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் மின்னோடியை உருவாக்கினர். இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மின்னோடி இது என்று கருதப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்துப் பஞ்சாலை எந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சியில் முன்னோடியாக விளங்கினார்.

மின்னோடியும் இறைப்பியும் இணைந்த பம்பு செட்டுத் தொழில் கோயம்புத்தூரின் அடையாளங்களுள் ஒன்றாக வளர்ந்தது. வார்ப்பாலைகள், கடைசல் பட்டறைகள், சுருள் சுற்றும் சிறு கூடங்கள் எனப் பீளமேடு, கணபதி முதலிய பகுதிகளில் பெருகிய தொழில்கள் பலவும் இத்தொழிலைச் சார்ந்தவை.

வெளிநாட்டுப் பயணங்களும் கண்டுபிடிப்புகளும்

நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை பயணம் செய்தார். தொழிற்சாலைகளையும் கண்காட்சிகளையும் பார்ப்பதே இப்பயணங்களின் முதன்மை நோக்கம். ஒளிப்படக் கலையிலும் திரைப்படம் எடுப்பதிலும் அவருக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது. 1936ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் நடைபெற்ற மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை அவர் தாமே படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் அவர் படம் எடுத்துள்ளார்.

அவர் உருவாக்கியவற்றுள் பரவலாக அறியப்பட்டது ரசந்த் என்னும் மின் சவரக் கருவி. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மின்னோடி இதில் பொருத்தப்பட்டிருந்தது. மின் இணைப்பு இல்லாத இடத்திலும் இதைப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது.

இவர் உருவாக்கிய பிற கருவிகளுள் சில:

• மிக மெல்லிய சவர அலகுகள்
• திரைப்பட ஒளிப்பதிவுக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு
• பழச்சாறு பிழியும் கருவி
• மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி போன்ற காற்றாடி
• முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு எந்திரம்

இப்பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் அன்றாட வாழ்வின் பொருட்கள். மின்சாரம் எட்டாத வீடுகள் மிகுந்திருந்த நாட்டில் மண்ணெண்ணெய்க் காற்றாடிக்குத் தேவை இருந்தது. வாக்குப் பதிவு எந்திரத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் மின்னணு எந்திரம் முதன்முதலாகத் தேர்தலில் பயன்படுத்தப்பட்டது 1982இல், கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஆகும். நாயுடு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மின்னணுவியலின் துணையின்றி, இச்சிக்கலுக்குத் தீர்வு தேடினார்.

1941ஆம் ஆண்டு, ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்தியாவில் தம்மால் உற்பத்தி செய்ய முடியும் என்று அவர் அறிவித்தார். வானொலிப் பெட்டிகள் இறக்குமதிப் பொருளாகவும் செல்வர் வீட்டுப் பொருளாகவும் இருந்த காலம் அது.

அரசியலிலும் அவர் ஒருமுறை இறங்கினார். 1930களின் நடுப்பகுதியில் சென்னை மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

வேளாண்மை ஆய்வுகள்

வேளாண் குடும்பத்தில் பிறந்த நாயுடு, பயிர்களிலும் சோதனைகள் செய்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை உருவாக்க முயன்றார். வழக்கத்தைவிட மிக உயரமாக வளர்ந்த அவருடைய பருத்திச் செடிகள் பலருடைய கவனத்தை ஈர்த்தன. இயற்பியலறிஞர் ச. வெ. இராமனும் பொறியாளர் விசுவேசுவரய்யாவும் அவருடைய பண்ணையைப் பார்வையிட்டுள்ளனர். இராமன் நாயுடுவின் பன்முகத் திறமையைப் பெரிதும் மதித்தவர்.

தொழிற்கல்விப் பணி

1944ஆம் ஆண்டு நாயுடு தம் தொழில்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து பெருமளவு விலகி, கல்வி மற்றும் அறப்பணிகளில் கவனம் செலுத்தினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. 1945இல் தொடங்கிய இக்கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இயங்கி வருகிறது. கல்லூரி இடம் மாறிய பின்னும், அது தொடங்கிய அவிநாசி சாலைப் பகுதி ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது.

கல்லூரியின் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் பொறியியற் கல்லூரிக்கு முதல்வரானது குறிப்பிடத்தக்கது. பொறியியல் பட்டப் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது தேவைக்கு மிகுதி என்றும், முறையாகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் அவர் கருதினார். வகுப்பறை விரிவுரையைக் குறைத்து, பட்டறையில் செய்து கற்பதை மிகுதியாக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஆங்கிலேய அரசு இதை ஏற்கவில்லை. எனவே அவர் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இக்கருத்தில் ஒரு பகுதி மட்டுமே காலத்தால் ஏற்கப்பட்டது எனலாம். கணிதத்தையும் கோட்பாடுகளையும் இரண்டு ஆண்டுகளில் முழுமையாகக் கற்பிப்பது கடினம் என்பதால் நான்கு ஆண்டுப் படிப்பே நாடெங்கும் நிலைத்தது. எந்திரத்தைத் தொடாமலே எந்திரப் பொறியியல் படித்து முடிக்கும் நிலை மாற வேண்டும் என்ற அவருடைய கவலை, பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் கல்வியாளர்களால் எழுப்பப்படுகிறது. தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட கல்வி நிறுவனங்கள் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையின் வழியாக அவருடைய மறைவுக்குப் பின்னும் நடத்தப்படுகின்றன.

இருவர் செல்லும் கார்

நாயுடுவின் முயற்சிகளுள் இன்றும் அதிகம் பேசப்படுவது, 1952ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய சிறு கார் ஆகும். பெட்ரோல் எஞ்சினால் இயங்கிய இக்காரில் இருவர் அமரலாம். இதன் விலை இரண்டாயிரம் ரூபாய் என்று திட்டமிடப்பட்டது.

அதே காலத்தில் இந்தியத் தொழில்துறை புதிய சட்டம் ஒன்றின் கீழ் வந்தது. தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1951இல் நிறைவேறி, 1952ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய தொழிற்சாலை தொடங்கவோ, புதிய பொருளை உற்பத்தி செய்யவோ நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்நியச் செலாவணியும் மூலப்பொருட்களும் குறைவாக இருந்த நிலையில், அவற்றை எத்தொழிலுக்கு ஒதுக்குவது என்பதை அரசே முடிவு செய்யும் ஏற்பாடு இது. கார் உற்பத்தி ஒருசில நிறுவனங்களுக்குள் அடங்கியது. நாயுடுவின் காருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. உற்பத்தி அத்துடன் நின்றது.

இந்தக் கார் வெளிவந்திருந்தால் வெற்றி பெற்றிருக்குமா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரு மாதிரி வண்டியைச் செய்வதும், ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்து அதே விலைக்கு விற்பதும் வேறு வேறானவை. எஞ்சின் வார்ப்பு, எஃகுத் தகடு, டயர், உதிரிப் பாகங்கள் ஆகியவற்றைத் தரும் துணைத் தொழில்கள் அப்போது நாட்டில் வளர்ந்திருக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனை நடைபெறவே வாய்ப்பில்லாமல் போனது. நடுத்தரக் குடும்பங்களுக்கான சிறு கார் வேண்டும் என்ற பேச்சு இதற்குப் பின் நாடாளுமன்றத்திலும் குழுக்களிலும் நீண்ட காலம் தொடர்ந்தது. மாருதி நிறுவனத்தின் முதல் கார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது, நாயுடுவின் கார் உருவாகி முப்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. நாயுடு மறைந்தும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

வானொலி, கல்லூரிப் பாடத்திட்டம், கார் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்திரத்தில் இருக்கும் பழுதை நாயுடுவால் கண்டறிந்து நீக்க முடிந்தது. குறைந்த விலை, குறைந்த காலம் என்ற அவருடைய திட்டங்கள் நடைமுறைக்கு வர அரசின் இசைவும் பெரிய அளவிலான முதலீடும் தேவைப்பட்டன. அவை அவருடைய பணிமனைக்கு வெளியே இருந்தவை.

எடிசனுடன் ஒப்பீடு

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் தாமஸ் ஆல்வா எடிசனும் முறையான பள்ளிக் கல்வியை மிகக் குறைவாகவே பெற்றவர். தாமே சோதித்துக் கற்றதிலும், கண்டுபிடிப்பை விற்பனைப் பொருளாக்க முனைந்ததிலும் இருவரிடையே ஒற்றுமை உண்டு. வேறுபாடும் பெரிது. எடிசனுக்கு அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள் இருந்தன. ஆய்வுக்கூடம், முதலீட்டாளர்கள், விரிந்த சந்தை ஆகியவையும் அவருக்குத் துணை நின்றன. நாயுடு பெரும்பாலும் தம் பேருந்துத் தொழிலின் வருவாயைக் கொண்டே சோதனைகளைச் செய்தார்.

மறைவு

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று தமது 80ஆம் வயதில் காலமானார். அவருடைய மகன் ஜி. டி. கோபால் அறக்கட்டளையின் பணிகளைத் தொடர்ந்தார்.

நினைவுச் சின்னங்களும் அருங்காட்சியகமும்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள ஜி. டி. நாயுடு அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளும், அவர் எடுத்த படங்களும், வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்த பொருட்களும் வைக்கப்பட்டுள்ளன. அதன் அருகிலேயே ஜீடி கார் அருங்காட்சியகம் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பல நாடுகளில் உருவான பழைய கார்கள் இங்கு காட்சிக்கு உள்ளன. மோட்டார் வண்டியின் தொழில்நுட்பம் படிப்படியாக மாறிய விதத்தைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் நேரில் காண இது உதவுகிறது.

பழைய கார்களைப் பேணுவதில், நாயுடு காலத்துப் பழுதறியும் முறையே இன்றும் பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, 1960கள் முதல் 1980கள் வரை மேலை நாடுகளில் வந்த பல கார்களில் ஹீட்டரின் காற்று எங்கே செல்ல வேண்டும் என்பதை எஞ்சினின் உறிஞ்சுவிசையே தீர்மானித்தது. முன் கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் டிஃப்ராஸ்ட் வழிக்கும், கால் பக்கத்து வழிக்கும் இடையே உள்ள கதவுகளை டயாஃப்ரம் ஒன்று இழுத்துத் திருப்பும். கோயம்புத்தூர் வெயிலில் இதன் பழுது தெரியாது. உதகையின் அதிகாலைப் பனியில் கண்ணாடி மூடிக்கொள்ளும்போதுதான் தெரியும்.

ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் காற்று தானாக வழி மாறினால், உறிஞ்சுவிசையைச் சேமித்து வைக்கும் கலத்தின் ஒருவழி வால்வோ அதனோடு இணைந்த குழாயோ கசிகிறது எனலாம். எந்த நிலைக்கும் மாறவில்லை என்றால் எஞ்சினிலிருந்து வரும் முதன்மை இரப்பர்க் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிலைக்கு மட்டும் மாறவில்லை என்றால், அந்தக் கதவின் டயாஃப்ரமையும் அதற்குச் செல்லும் குழாயையும் தனியே சோதிக்க வேண்டும். சிறு கைப்பம்பால் டயாஃப்ரமில் உறிஞ்சுவிசையை ஏற்றி, அது நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. பெரும்பாலும் வெப்பத்தால் வெடித்த விலை குறைந்த இரப்பர்க் குழாய் ஒன்றே காரணமாக இருக்கும். அதைக் கண்டறியாமல் ஹீட்டரையே கழற்றுவோரும் உண்டு.

எழுத்தாளர் சிவசங்கரி, நாயுடுவின் வாழ்க்கையை அப்பா என்னும் நூலாக எழுதியுள்ளார். இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று, அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில், 2019இல் அறிவிக்கப்பட்ட இந்திய தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டு, அது 2025ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. ரட்ஜ் மோட்டார் சைக்கிள் உள்ள அருங்காட்சியகமும், ஹோப் காலேஜ் பகுதியும் இதே அவிநாசி சாலையில்தான் அமைந்துள்ளன.